ஊருக்காகக் கவலைப்பட்ட வேலிக்காரர்

ஓபேத் ஸ்டாக்போல் சிரித்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவரைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஷ்லம் ஊரில் அந்தக் காலத்தில் அது நன்னடத்தைச் சான்று.

அவர் எங்கள் ஊரின் வேலி பார்ப்பவர். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுக்கிற பதவி. யாருடைய கற்சுவர் சரிந்திருக்கிறது, யாருடைய மாடு யாருடைய சோளத்தில் புகுந்தது, எல்லைக் கல் நகர்ந்ததா அல்லது நகர்ந்ததாகப் பக்கத்து நிலத்துக்காரருக்குத் தோன்றியதா என்றெல்லாம் நடந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் வேலி பார்ப்பவர்கள் விழுந்த வேலியைப் பார்ப்பார்கள். ஓபேத் விழப்போகும் வேலியைப் பார்ப்பார். அவருடைய தாத்தாவின் தாத்தா அடுக்கிய சுவராக இருக்கும். யானை முட்டினாலும் அசையாது. அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, "பாவம், நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். சுவருக்குச் சொந்தக்காரர் பெருமையோடு தலைகுனிந்து அந்த இரங்கலை ஏற்றுக்கொள்வார்.

எங்கள் முன்னோர் கடல் கடந்து மாசசூசெட்ஸின் இந்தக் கல்லுக்காட்டுக்கு வந்தது சந்தோஷமாக இருப்பதற்காக அல்ல. அதுதான் நோக்கம் என்றால் வழியில் சில வருடம் தங்கிய ஹாலந்திலேயே இருந்திருக்கலாம். பழைய பாஸ்டர் எங்களுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்: மோட்சத்துக்குப் போகிறவர்கள் யார் யார் என்பது உலகத்தைப் படைப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது, அதில் நீங்கள் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் உள்ளத்தை நாள் தவறாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்த்த பிறகு ஒருவருக்கு நிம்மதியாக இருந்தால், அந்த நிம்மதியே அவர் தப்பிக்கவில்லை என்பதற்கு அடையாளம். இப்படி வளர்ந்த ஊர். தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். "இன்னும் புதைக்கலை" என்பதுதான் மரியாதையான பதில். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர் வீட்டுக்குத் திங்கட்கிழமை காலை கறுப்புக் கோட்டுப் போட்ட மூன்று பேர் கொண்ட கமிட்டி விசாரிக்கப் போகும்.

பழைய பாஸ்டர் காலமானார். தாம் எங்கே போனோம் என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்கும். அவர் இடத்துக்கு பிங்கம் என்ற இளம் பாஸ்டர் வந்தார். கன்னத்தில் குழி விழும் மனிதர். வந்த வருடமே பாஸ்டனிலிருந்து மிஸ் ஆர்மின்டா ஃபென் என்ற அம்மையாரைச் சொற்பொழிவுக்கு அழைத்தார். நினைப்பு வைத்தியம் என்ற ஒன்று அப்போது பாஸ்டனில் பரவியிருந்தது.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் வயிற்றுவலி. அதற்கு இரண்டு காரணங்கள்: ஆதாமின் பாவம், காலையில் சாப்பிடும் பன்றிக்கொழுப்பும் ஆப்பிள் பை என்ற பலகாரமும். முதல் காரணத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை. மிஸ் ஃபென் மேடையில் நின்று, இரண்டுமே இல்லை, வலி என்று நினைப்பதால்தான் வலிக்கிறது, நலம் என்று நினைத்தால் நலம் என்றார். ஆப்பிள் பையை விடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்த ஊர் அன்றைக்கே மதம் மாறியது.

இப்படி உருவானதுதான் எங்கள் கவலைப்படாதோர் சங்கம். ஆஷ்லம் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஊர் அல்ல. சந்தோஷத்தை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டது. புதன்கிழமை மதியம் பாவ அறிக்கை செய்யும் அதே கூட்டம், அதே முதுகு வலிக்கும் பெஞ்சு. முன்பு எழுந்து நின்று பாவத்தைச் சொல்லி அழுதவர்கள், இப்போது எழுந்து நின்று, போன வாரம் தங்களுக்கு ஒரு கவலை வந்ததைச் சொல்லி அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவரை விசாரிக்கப் போன அதே மூவர் கமிட்டி, அதே கறுப்புக் கோட்டில், திங்கட்கிழமை காலை சிரிக்காதவரை விசாரிக்கப் போயிற்று. நமக்கு உண்மையிலேயே சந்தோஷம் வந்துவிட்டதா, அல்லது வந்ததாக ஏமாந்துகொண்டிருக்கிறோமா என்று ஊரே படுக்கையில் புரண்டது.

வணக்கமும் மாறியது. "எப்படி இருக்கீங்க?" என்றால் "பிரமாதம்" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அதற்கு ஒரு படி மேலே சொல்ல வேண்டும். ஒருநாள் கடைக்காரர் ஆசா பெக்கும் கொல்லரும் பாலத்தின் நடுவில் வண்டியோடு எதிரெதிரே வந்துவிட்டார்கள். பிரமாதம், அதைவிடப் பிரமாதம், சொர்க்கம், சொர்க்கமே இவ்வளவு இருக்காது என்று ஏறிக்கொண்டே போனதில், பின்னால் நின்ற மாடுகள் பால் கறக்கும் நேரம் தாண்டிக் கத்தத் தொடங்கின. இருவரும் குரல் கம்மி வீடு திரும்பினார்கள். யாரும் பாலத்தைத் தாண்டவில்லை.

சங்கத்துக்குத் தலைவி மிஸஸ் கெசியா லாத்ராப். கப்பல் கேப்டன் லாத்ராப்பின் விதவை. நிமிர்ந்த நடை, நேரான பேச்சு, ஊரிலேயே புகையாத ஒரே அடுப்பு. சிறு பெண்ணாக இருந்தபோது அந்தக் கால வழக்கப்படி ஒரு பூவேலைத் துணி தைத்திருந்தார்: ஒரு கல்லறை, அதன் மேல் அழுது தொங்கும் மரம். சங்கம் வந்த பிறகு துணியை வீணாக்க மனமில்லாமல், கல்லறைக்கு மேலே மஞ்சள் நூலில் சிரிக்கும் சூரியன் ஒன்றைத் தைத்துச் சேர்த்தார். பார்க்கிறவர்களுக்குச் சூரியன் இறந்தவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும்.

அந்த அம்மாள் மேல் ஓபேத்துக்குப் பிரியம். கோவிலில் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, அவருடைய தொப்பியின் இறகு எப்போது விழுமோ என்று பல வருடங்களாகக் கவலைப்பட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த காதல் அதுதான். ஆப்பிள் பூக்கும் சமயம் ஒருநாள், வடக்குச் சுவரைப் பார்க்கிற சாக்கில் போய் நின்றார்.

"உங்க வடக்குச் சுவர் இந்தக் குளிர்காலம் தாங்காது, மிஸஸ் லாத்ராப்."

"போன குளிர்காலத்துக்கும் அதையேதான் சொன்னீங்க, ஓபேத்."

"அது தாங்கிடுச்சு. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

ஓபேத் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் என் நிலம். இந்தப் பக்கம் உங்க நிலம். ரெண்டும் ஒரே வீட்டுதா இருந்தா, நடுவுல இந்தச் சுவரே வேணாம்."

"இது சுவரைப் பத்தின பேச்சா, கல்யாணப் பேச்சா?"

"சுவர்லதான் ஆரம்பிச்சேன்."

"நான் சங்கத் தலைவி ஓபேத். உங்களைக் கட்டிக்கிட்டா, இடி விழுந்த மரத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள நட்டு வச்ச மாதிரி இருக்கும். ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"சிரிச்சா சங்கத்துக்கு நல்லதுதானே?"

கெசியா உதட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு நிபந்தனை சொன்னார். "சங்கத்துல சேருங்க. ஆப்பிள் பறிக்கிற வரைக்கும் கவலைப்படாம இருந்து காட்டுங்க. புதன்கிழமைக் கூட்டம் கை தூக்கி, இந்த ஆளு சந்தோஷமானவர்தான்னு சொல்லட்டும். நன்றித் திருநாளுக்கு முன்னால கல்யாணத்தை வச்சுக்கலாம்."

ஓபேத் சங்கத்தில் சேர்ந்தார். விதிப்படி காலையில் கண்ணாடி முன் நின்று "நான் ஆனந்தமாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவர் பொய் பேசாதவர். ஆகவே, "நான் ஆனந்தமா இருக்கேன்னு கேள்வி" என்று சொன்னார். சிரித்துப் பழகுவதற்குத் தொழுவத்தைத் தேர்ந்தெடுத்தார். அதைப் பார்த்த பெண்குதிரை அதற்குப் பிறகு அவரைக் கடிவாளம் மாட்டவிடவில்லை. ஊரைச் சுற்றி வந்து, "எல்லாச் சுவரும் நல்லா இருக்குன்னு கேள்வி" என்றார். சொந்தக்காரர்கள் தங்கள் சுவரை அவமதித்துவிட்டதாக மனம் நொந்தார்கள், நொந்ததை வெளியே காட்டவும் முடியவில்லை. ஓபேத் மெலிந்தார். அவருக்குக் கவலைதான் சோறு.

இந்த நிலையில்தான் ஒருநாள் காலை ஆசா பெக் பின்கதவைத் தட்டினார். எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் முன்கதவு உண்டு. அது சவப்பெட்டிக்கும் மணப்பெண்ணுக்கும். மற்றவர்கள் எல்லாரும் பின்கதவு வழியாகத்தான் போக வேண்டும். ஓபேத் வீட்டு முன்கதவு கடைசியாகத் திறந்தது அவருடைய அம்மாவைத் தூக்கியபோது.

"எப்படி இருக்கீங்க ஓபேத் மாமா?" என்றார் ஆசா, மூச்சு வாங்க.

"பிரமாதம்னு கேள்வி. நீங்க?"

"அதைவிடப் பிரமாதம். மாமா, நான் சங்கச் செயலாளர். எனக்குக் கவலை வரக் கூடாது."

"சரி."

"வந்திருக்கு."

"ஐயோ" என்றார் ஓபேத். அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் கண்ணில் ஒளி வந்தது.

"நீங்க இன்னும் தேர்வுல இருக்கிற ஆளு. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் உங்களை மன்னிப்பாங்க. இதை நீங்க வாங்கி வச்சுக்கிட்டுக் கவலைப்பட்டுடுங்களேன். என் பொண்ணு, பியானோ வாசிக்கிறவனைத்தான் கட்டிக்குவேங்கிறா."

ஓபேத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அவன் கை சின்னதா, பெரிசா?"

"சின்னது. ஏன்?"

"சின்னக் கையில கோடாலி நிக்காது. கோடாலி இல்லைன்னா விறகு இல்லை. பிப்ரவரி மாசம் பியானோவைத்தான் எரிப்பாங்க. அது எரிஞ்சு முடிஞ்சா…"

"என்கிட்டச் சொல்லாதீங்க!" ஆசா காதைப் பொத்திக்கொண்டார். "அதெல்லாம் இனிமே உங்களுது." போகும்போது ஆசா விசில் அடித்துக்கொண்டு போனார். அன்று மதியம் புதன்கிழமைக் கூட்டத்தில் அவரைப் போல ஒளி வீசும் முகம் யாருக்கும் இல்லை.

எப்படித்தான் செய்தி பரவியதோ, கொல்லர் வந்தார். பள்ளிக்கூட டீச்சர் வந்தார். மூவர் கமிட்டி ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக வந்தது. ஒருநாள் பாஸ்டர் பிங்கமே ஆப்பிள் கூடையைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஓபேத், நரகம்னு ஒண்ணு இல்லைன்னு வாராவாரம் சொல்றேன்."

"கேட்டேன். நல்லாச் சொல்றீங்க."

"ஒருவேளை இருந்துட்டா?"

"இருந்துட்டா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க."

"அதைத்தான் நீங்க பார்த்துக்கணும்." பாஸ்டரின் கன்னக்குழி மறைந்து மறுபடி வந்தது.

"சதுப்பு நிலத்து வேலி காலியா இருக்கு. அங்க வச்சுக்கறேன்."

அதுதான் ஓபேத்தின் வேலைமுறை. ஒவ்வொரு கவலைக்கும் ஒரு வேலி ஒதுக்கியிருந்தார். பெக்கின் மேய்ச்சல் சுவரை ஒட்டி நடக்கும்போது பியானோ. அதன் மூலை திரும்பினால் கொல்லருடைய மைத்துனி வந்து தங்கப்போவது. ஆற்றங்கரை வேலி முழுவதும் டீச்சரின் இதயத் துடிப்பு. ஒன்றோடு ஒன்று கலக்காது. கவலையைக் கொடுத்தவர்கள் பிறகு அதைப் பற்றி விசாரிக்க முடியாது. விசாரித்தால் அதுவே கவலை, சங்க விதிப்படி குற்றம். ஆகவே பியானோக்காரன் இன்னொருத்தியோடு பிராவிடன்ஸ் நகரத்துக்கு ரயிலேறிப் போன பிறகும், ஆசா வந்து திருப்பி வாங்கிக்கொள்ளாததால், ஓபேத் அந்தப் பியானோவுக்காகத் தொடர்ந்து மனப்பூர்வமாகக் கவலைப்பட்டு வந்தார்.

அவருக்குச் சதை போட்டது. ஆப்பிள் பை இரண்டு துண்டு இறங்கியது. ஊர் செழித்தது, வயிற்றுவலி நின்றது. ஒன்றே ஒன்றுதான். கெசியாவின் வடக்குச் சுவரை அவர் யாருக்கும் ஒதுக்கவில்லை. நடந்து வரும்போது அங்கே நிற்பார். ஊரே வந்துவிட்டது, அந்த அம்மாள் மட்டும் வரவில்லை. காலியாக இருந்த அந்தச் சுவரின் முன் மற்ற எல்லா வேலியையும்விட அதிக நேரம் நின்றார்.

ஆப்பிள் பறித்து முடிந்தது. கூட்டத்துக்கு மிஸ் ஃபென்னும் பாஸ்டனிலிருந்து வந்து, எங்கள் முகங்களைப் பார்த்து மகிழ்ந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஓபேத்தைப் பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நூறு வருடத்துக்கு முன் அவருடைய முப்பாட்டி வெண்ணெய் கடையும்போது பாட்டு முணுமுணுத்ததற்காக நின்ற அதே இடம்.

ஆசா பெக் எழுந்தார். அவர் நேர்மையான மனிதர், அதுதான் பிரச்சினை.

"செயலாளரா என் கடமையைச் செய்யறேன். போன வெள்ளிக்கிழமை என் மேய்ச்சல் சுவர் மேல ஓபேத் மாமா தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தார். முனகினார். வண்டியில போன நான் என் காதால கேட்டேன்."

அது எந்தக் கவலைக்கான முனகல் என்று ஆசாவைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. கடமை என்று வந்தால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

"எதுக்காக முனகினீங்க, ஓபேத்?" என்று கேட்டார் பாஸ்டர். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது அவருக்கு உறைத்தது. கன்னக்குழி மறைந்தது. கொல்லர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் இதயத்தில் கை வைத்தார். மூவர் கமிட்டி ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தது. ஆசாவுக்கு இப்போதுதான் வியர்த்தது.

மிஸ் ஃபென் திரும்பிப் பார்த்தார். "என்ன இது, எல்லார் முகமும் இப்படி இருக்கு?"

"ஜன்னல் வெளிச்சம்மா" என்றார் பாஸ்டர்.

ஓபேத் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "எனக்குச் சொந்தக் கவலைன்னு எதுவும் இல்லைங்க."

"அப்போ யாரோடது?" என்றார் மிஸ் ஃபென்.

"நான் வேலி பார்க்கிறவன். இந்தப் பக்கம் யாரோடது, அந்தப் பக்கம் யாரோடதுன்னு சொல்லுவேன். உள்ள என்ன விளைஞ்சிருக்குன்னு சொல்றது என் வேலை இல்லை."

"ஓட்டெடுப்பு!" என்று கத்தினார் பாஸ்டர். யாரும் அவ்வளவு வேகமாகக் கை தூக்கி நான் பார்த்ததில்லை. ஆசா இரண்டு கையையும் தூக்கினார். ஓபேத் ஸ்டாக்போல் ஊரிலேயே மிகச் சந்தோஷமான மனிதர் என்று முடிவாகும் நேரம்.

கெசியா லாத்ராப்பின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"இந்த ஆளு பொய் சொல்றாரு" என்றார். "பொய்க்கு ஒரு சுவரைக்கூடப் புகழத் தெரியாதவரு, இப்போ பொய் சொல்றாரு. தினமும் என் வடக்குச் சுவர்கிட்ட வந்து கொக்கு மாதிரி நிக்கிறாரு. என்ன ஓபேத், சொந்தக் கவலை இருக்கா, இல்லையா?"

ஆமாம் என்றால் கல்யாணம் போயிற்று. இல்லை என்றால் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே பொய். ஓபேத் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார்.

"என்ன?"

"ஊரே என் பின்கதவுக்கு வந்து கவலையைக் குடுத்துட்டுப் போச்சு. நீங்க மட்டும் வரலை. நம்பிக்கை இல்லையோன்னு."

அதற்குப் பிறகு நடந்தது சங்கத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல. ஊரே என்றால் யார் யார் என்று மூவர் கமிட்டி ஒருவரை ஒருவர் விசாரிக்க ஆரம்பித்தது. டீச்சர் கொல்லரைப் பார்த்து, "நீங்களுமா?" என்றார். ஆசா பியானோக்காரனைச் சொல்லிப் புலம்ப, அவருடைய மகள், "பியானோக்காரனா? அவன் போய் ரெண்டு மாசமாச்சே!" என்று கேட்டாள். ஊர் தலைமுறைக்கணக்காகப் பார்க்காத அளவுக்கு ஆத்மார்த்தமான பாவ அறிக்கைகள் பெஞ்சு பெஞ்சாக எழுந்தன. சந்தடியில் மிஸ் ஃபென் குனிந்து பாஸ்டரின் காதில், "இவரோட பின்கதவு எந்தத் தெருவுல இருக்கு?" என்று கேட்டார்.

ஓபேத் யாரும் கவனிக்காமல் வீட்டுக்கு நடந்தார். அன்று எந்த வேலியையும் பார்க்கவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். கவலைப்படலாம் என்று பார்த்தார். இனி நடக்கப்போவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் அதுவும் வரவில்லை.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது.

முன்கதவு! யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் ஓபேத் ஓடினார். அம்மா போனதிலிருந்து திறக்காத கதவு ஈரத்தில் ஊறிப் பிடித்திருந்தது.

"யாரு?"

"நான்தான், கெசியா. திறங்க."

"பின்னால வாங்களேன். இது திறக்காது."

"பின்னால ஊரே வருது. நான் வரிசையில நிக்கணுமா? உள்ளேயிருந்து தள்ளுங்க. நான் இழுக்கறேன்."

"கதவு உங்க மேல விழும்!"

"விழட்டும், தள்ளுங்க!"

கதவு முனகித் திறந்தது, விழவில்லை. கெசியா தொப்பியை நேராக்கிக்கொண்டு வாசலில் நின்றார். முன்கதவு வழியாக உள்ளே வரும் பெண் யார் என்பது ஆஷ்லம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓபேத்துக்கும்தான்.

"ஒரு கவலை கொண்டுவந்திருக்கேன்" என்றார் கெசியா. "அது சின்னதில்லை. அதான் பின்கதவுல நுழையலை. நாளைக்கு நாம எல்லாரும் மேல போனப்புறம் கேப்டன் வந்து எதிர்ல நின்னா, நான் உங்க ரெண்டு பேர்ல யாரு பக்கத்துல உட்கார்றது?"

ஓபேத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை யாரும் அவரிடம் தந்ததில்லை. "அவர் கோபக்காரரா?"

"பேசவே மாட்டாரு. கோபம் வந்தா கயிறுல முடிச்சு மேல முடிச்சாப் போடுவாரு."

"கயிறு வேறயா" என்றார் ஓபேத், மெதுவாக. "நாம யாரும் மேல போகலைன்னா?"

"அதையும் சேர்த்துக்கோங்க."

"இது என் ஆயுசு முழுக்க வரும். உங்க வடக்குச் சுவர் முழுசும் இதுக்கே வேணும்."

"எடுத்துக்கோங்க. ஆனா இடிக்கக் கூடாது."

இதற்குள் தெரு வழியே வந்த ஆசா பெக், திறந்து கிடந்த முன்கதவைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எந்த முடிவுக்கு வருவாரோ அந்த முடிவுக்கு வந்தார். கூட்டத்தில் பட்ட அவமானம் ஓபேத் மாமாவைக் கொண்டுபோய்விட்டது என்று அழுதுகொண்டே ஓடிச் சாவு மணியை இழுத்தார். ஊர் கேட்டது. இனி நம் கவலையெல்லாம் என்னாவது என்ற நினைப்பில், சங்க விதிகள் எதுவும் நினைவில்லாமல், கொல்லரும் டீச்சரும் மூவர் கமிட்டியும் பாஸ்டரும் கதறிக்கொண்டு ஓடி வந்து வாசலில் கூடினார்கள். மிஸ் ஃபென் எல்லாருக்கும் முன்னால் நின்று தேம்பினார்.

ஓபேத் வெளியே வந்தார், பின்னாலேயே கெசியாவும். கூட்டத்தையும் கண்ணீரையும் பார்த்தார். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு செத்தது?"

"நீங்கதான்" என்றார் கெசியா.

"அப்பவே நெனச்சேன்" என்றார் ஓபேத்.